முளையில் தெரியாத பயிர்

கண்டியிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வீதியில், பேராதனையைக் கடந்து சில மைல் தூரம் வந்தால் கெலிஓயாச் சந்தி. சந்தியின் ஆரவாரத்தை விட்டு உள்ளே நடந்தால் உடுநுவரையின் வயல்கள் விரியும். அறுவடை முடிந்து, அடுத்த உழவுக்காக மண் காத்துக் கிடக்கும் சில வாரங்களில், அந்த வயல்கள் எங்கள் ஊர்ச் சிறுவர்களின் மைதானமாகிவிடுகின்றன. கிரிக்கெட் ஆடுவோர் ஒரு பக்கம். மறுபக்கத்தில், வைக்கோலைத் துணியில் சுற்றிக் கட்டிய நீள்வட்டப் பந்து ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவோர் சிலர். அவர்களை மடக்கிச் சேற்றிலே வீழ்த்துவோர் பலர். ஊரார் அதனை ‘றகர்’ என்பர். றக்பி என்னும் ஆட்டத்திற்கு மலைநாட்டில் வழங்கும் செல்லப் பெயர் அது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியனாகிய நான் மாலை வேளைகளில் வரம்பின் மீது அமர்ந்து அவ்வாட்டத்தைப் பார்ப்பதுண்டு. இலக்கியம் பேசும் இப்பக்கத்தில் முரட்டு ஆட்டம் ஒன்றுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவக்கூடும். நான் எழுத வந்தது ஆட்டத்தைப் பற்றி மட்டும் அன்று. ஒரு பிள்ளையைப் பார்த்து, “இவன் தேறுவான், இவன் தேறான்” என்று நாம் எந்த வயதில், எந்த அளவுகோலைக் கொண்டு தீர்ப்புக் கூறுகின்றோம் என்பதே என் கேள்வி. அக்கேள்வி ஆசிரியர் அனைவருக்கும் உரியது. றக்பி மைதானத்தில் அது மற்ற இடங்களைக் காட்டிலும் தெளிவாகத் தெரிகிறது, அவ்வளவே.

கண்டிக்கும் இவ்வாட்டத்திற்கும் உள்ள உறவு பழையது. கண்டி விளையாட்டுக் கழகம் 1874இல் தோன்றியது. நித்தவலையில் உள்ள அதன் மைதானத்தை அறியாத இளைஞர் இவ்வட்டாரத்தில் இலர். 1891இல் லூயி எட்மண்ட் பிளேஸ் என்னும் கல்விமான் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவியதோடு, பாடசாலைப் பிள்ளைகளிடையே றக்பியையும் புகுத்தினார். 1906இல் கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதிக்கொண்டதே இந்நாட்டில் பாடசாலைகளுக்கிடையே நடந்த முதல் றக்பிப் போட்டி என்பர். 1945இல் தொடங்கிய பிராட்பி கேடயப் போட்டி, கொழும்பு ரோயல் கல்லூரியையும் கண்டித் திரித்துவக் கல்லூரியையும் ஆண்டுதோறும் எதிரெதிரே நிறுத்துகின்றது. அந்நாள்களில் கண்டி நகரம் திருவிழாக் கோலம் பூணுவதை நேரிற் கண்டோர் மறவார். கிங்ஸ்வூட் கல்லூரியிற் பயின்று, கண்டிக் கழகத்துக்கு ஆடி, இலங்கை அணிக்குத் தலைமை தாங்கிய பாஸில் மரிஜாவின் பெயரை எங்கள் வயலில் ஆடும் சிறுவர்கள் இன்றும் சொல்கின்றனர். ஆகவே இவ்வாட்டம் எங்களுக்கு அந்நியமானதன்று. மைதானத்தின் வாயிற்கதவு எப்போது திறக்கின்றது, யாருக்குத் திறக்கின்றது, எப்போது மூடிக்கொள்கின்றது என்பதில்தான் வழக்கு.

அந்த வாயிலில் நானும் ஒரு நாள் காவலாளியாக நின்றவன். அதை ஒப்புக்கொள்ளாமல் பிறருக்கு அறிவுரை கூறுவது முறையாகாது.

அது 1996ஆம் ஆண்டு. அக்காலத்தில் நான் கற்பித்த சிறிய பாடசாலையில் விளையாட்டுக்குப் பொறுப்பாசிரியனும் நானே. நகரத்துக் கல்லூரி ஒன்று, பெயர் இங்கு வேண்டியதில்லை, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளில் ஐவரைத் தெரிந்து அனுப்பினால், சோதித்துப் பார்த்துத் தகுதியுடையோரைத் தன்னிடம் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பியது. அப்பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடியது றக்பி மட்டுமா? நல்ல நூலகம், ஆய்வுகூடம், ஆங்கிலம், எதிர்காலம் அனைத்தும் அந்த ஒரு கதவுக்குப் பின்னால் இருந்தன.

பிள்ளைகளை நான் வரிசையில் நிறுத்தினேன். உயரமானவர்களையும் தோள் அகன்றவர்களையும் முன்னே அழைத்தேன். நான்கு பெயர்கள் எளிதில் அமைந்தன. ஐந்தாவது இடத்துக்கு இருவர். ஒருவன் அவ்வாண்டுக் கூட்டத்தில் மூத்தவன், ஜனவரியிற் பிறந்தவன். மீசை அரும்பத் தொடங்கியிருந்தது, குரலும் உடைந்திருந்தது. மற்றவன் அதே ஆண்டு டிசம்பரிற் பிறந்தவன். என் முழங்கைக்கு மேல் அவன் தலை வரவில்லை. ஆனால் பந்தைக் கையில் எடுத்தால் அவனைப் பிடிக்க ஒருவராலும் இயலாது. யார் எங்கே நிற்கிறார்கள், இடைவெளி எங்கே திறக்கப்போகிறது என்பதைப் பிறர் காணுமுன் கண்டுவிடும் கண் அவனுக்கு இருந்தது. நான் பெரியவனின் பெயரை எழுதினேன். சின்னவன் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்புக்குத் திரும்பிச் சென்று, புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்தைப் புரட்டாமல் உட்கார்ந்திருந்தான்.

பிறகு நடந்தது என்ன? பெரியவன் கல்லூரியிற் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் நட்சத்திரமாகத் திகழ்ந்தான். எதிரே வந்தவரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுவதே அவனுடைய வித்தை. அது வெற்றி தந்ததால், பந்தைப் பரிமாறவும் எதிரியை ஏய்த்து விலகவும் அவனுக்கு யாரும் கற்பிக்கவில்லை. பதினாறு வயதில் ஏனையோரும் அவனளவு வளர்ந்துவிட்டனர். இடித்தால் விழுவோர் எவரும் இலர். பதினேழில் அணியிலிருந்து நீங்கினான். சின்னவனோ பதினைந்து வயதுக்குப் பிறகு மூங்கிற்குருத்துப்போல் வளர்ந்தான். பதினெட்டு வயதில் என்னை விட ஒரு சாண் உயரம். ஆனால் அதற்குள் பந்தைக் கைவிட்டுவிட்டான். நான் இருவருக்கும் தீங்கிழைத்தேன் என்பதை உணரப் பல ஆண்டுகள் சென்றன.

என் பிழை யாது? நான் ஆற்றலைத் தெரிந்தெடுக்கவில்லை, நாட்காட்டியைத் தெரிந்தெடுத்தேன். அதனை விளக்கச் சிறிது உடலியல் பேச வேண்டும், வாசகர் பொறுத்தருள்க.

பிரான்சு நாட்டில் மொன்பெய்யார் என்னும் பிரபு, 1759இல் பிறந்த தம் மகனின் உயரத்தை 1777 வரை இடைவிடாது அளந்து குறித்துவந்தார். இயற்கை நூலறிஞர் பூபோன் அக்குறிப்பை வெளியிட்டார். ஒரே பிள்ளையின் வளர்ச்சியைப் பிறப்பிலிருந்து இளமை முடியும்வரை தொடர்ந்து காட்டிய முதல் ஏடு அதுவே. வளர்ச்சி என்பது சீராக ஏறும் படிக்கட்டன்று, மெல்லச் சென்று, பருவம் வரும்போது திடீரெனப் பாய்ந்து, பின் அடங்குவது என்பதை அது காட்டியது. ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் டானர் 1955இல் வெளியிட்ட நூலில் இப்பருவப் பாய்ச்சலை விரிவாக ஆராய்ந்தார். ஆண்பிள்ளைகளுக்கு அப்பாய்ச்சலின் உச்சம் சராசரியாகப் பதினான்கு வயதளவில் வருகின்றது. அக்காலத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 9 சென்டிமீற்றர் வளர்கின்றனர். ஆனால் சிலருக்குப் பன்னிரண்டிலேயே வந்துவிடும். சிலருக்குப் பதினாறு வரை வாராது. தசையும் வலிமையும் அவ்வுச்சத்தைத் தொடர்ந்தே பெருகுகின்றன. ஆகவே பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இருபது பேரை ஒரே வரிசையில் நிறுத்தினால், பிறப்புச் சான்றிதழில் அவர்கள் ஒரே வயதினர். எலும்பின் கணக்கிலோ அவர்களுக்குள் நான்கு ஆண்டு வேறுபாடும் இருக்கக்கூடும். குழந்தையையும் வாலிபனையும் ஒரே தராசில் வைத்து, கனத்த தட்டைத் ‘திறமை’ என்று அழைக்கின்றோம்.

பிறந்த மாதத்தின் கணக்கு இதனோடு சேர்கின்றது. 1985இல் கனடாவின் உளவியலாளர் றோஜர் பான்ஸ்லியும் அவருடைய துணைவரும், பனித்தரை ஹொக்கி வீரர்களின் பிறந்த நாள்களை ஆராய்ந்து, ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தோர் அளவுக்கு மீறி மிகுந்திருப்பதையும், இறுதி மாதங்களிற் பிறந்தோர் அருகியிருப்பதையும் கண்டனர். ஜனவரியிற் பிறந்தவர்களுக்குத் தனி வரம் ஒன்றும் இல்லை. வயதெல்லை ஜனவரி முதலாம் நாளில் வகுக்கப்பட்டதால், அவர்கள் தம் கூட்டத்தில் மூத்தவர்களாயினர். மூத்தவர் தெரிவாயினர், தெரிவானவர்க்கு நல்ல பயிற்சி கிடைத்தது, நல்ல பயிற்சி பெற்றவர் மெய்யாகவே சிறந்தவராயினர். பின்னர், “அன்றே சொன்னோம் அல்லவா?” என்று தெரிவாளர் மகிழ்ந்தனர். தீர்ப்பே தனக்குச் சான்றையும் உண்டாக்கிக்கொள்ளும் விந்தை இது.

றக்பியைக் கண்ணெனப் போற்றும் தென்னாபிரிக்காவில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. அங்கே மாகாணங்களின் சிறந்த பிள்ளைகள் கிரேவன் வாரம் என்னும் போட்டித் தொடரில் ஆடுவர். 2005இல் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிரிவில் ஆடியவர்களை ஜஸ்டின் டுரண்ட் என்பாரும் உடன் ஆய்வாளரும் பின்தொடர்ந்து பார்த்தனர். பதினாறு வயதுக்குட்பட்ட தேசியத் தொடருக்கு மீண்டும் தெரிவானோர் 31.5 வீதத்தினரே, பதினெட்டு வயதுப் பிரிவை எட்டியோர் 24 வீதத்தினரே. அதாவது, நாட்டின் தேர்ந்த கண்கள் பதின்மூன்று வயதில் பார்த்துச் சொன்ன நான்கு தீர்ப்புகளில் மூன்று, ஐந்தாண்டுகளில் பொய்த்துப் போயின. அத்தகைய தேசத்திலேயே இந்நிலையெனில், வரம்போரத்தில் நின்று தீர்ப்புக் கூறிய என் கண்ணுக்கு என்ன மதிப்பு?

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்று நம்மவர் சொல்வர். ஆசிரியர் கூட்டத்தில் இதனைப் போல் அடிக்கடி எடுத்தாளப்படும் பழமொழி வேறில்லை. ஆனால் எங்கள் ஊர் வயற்காரரைக் கேட்டுப் பாருங்கள். மூன்று மாத நெல் உண்டு. நான்கு மாத நெல்லும் உண்டு. பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிட்ட நெல்லினங்களின் எண்ணிலேயே அக்கணக்கு அடங்கியிருக்கின்றது. பீஜி 300 என்றால் மூன்று மாதம். பீஜி 403 என்றால் நான்கு மாதம். மூன்று மாத நெல் கதிர் தள்ளும் நாளில், பக்கத்து வயலின் நான்கு மாத நெல் இன்னும் பச்சையாகவே நிற்கும். “இது கதிர்விடாது” என்று அதனைப் பிடுங்கி எறியும் உழவன் உண்டா? நெல்லுக்குக் காட்டும் பொறுமையை நாம் பிள்ளைகளுக்குக் காட்டுவதில்லை.

இதில் ஏழ்மையின் பங்கை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையன்று. 2016இல் இலங்கையில் நடந்த குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 17 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர். தோட்டப்புறங்களில் அது ஏறத்தாழ 32 வீதம். போதிய உணவின்றி வளரும் பிள்ளைக்குப் பருவப் பாய்ச்சலும் தாமதித்தே வருவது வழக்கம். ஆகவே பதின்மூன்று வயதில் உயரத்தையும் நிறையையும் பார்த்துப் பொறுக்கும்போது, வசதியுள்ள வீட்டின் பாலையும் முட்டையையும் ‘இயற்கைத் திறமை’ என்று பெயரிட்டுப் பரிசளிக்கின்றோம். லயன் அறையிலிருந்து வருபவனுக்கு, அவன் தாய் உண்ணாத உணவுக்காகவும் தண்டனை விதிக்கின்றோம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் பத்து வயதுப் பிள்ளையின் தலைவிதி எழுதப்படுகிறது என்று வருந்தி நாம் எத்தனையோ கட்டுரைகள் எழுதிவிட்டோம். அதே பரீட்சை மைதானத்திலும் நடப்பதை ஏன் காணாதிருக்கின்றோம்?

என்னை மறுத்துரைப்போர் கூற்றையும் கேட்போம். “றக்பி உடலோடு உடல் மோதும் ஆட்டம். சிறியவனைப் பெரியவர் நடுவே விடுவது ஆபத்து. அவனை விலக்குவது அவன் நன்மைக்கே” என்பர். ஆபத்து மெய்யே, ஸ்க்ரம் என்னும் முட்டுக்கட்டில் மெலிந்த கழுத்தை நுழைப்பது விளையாட்டன்று. ஆனால் அதற்கு மருந்து விலக்கி வைப்பதன்று, பிரித்து ஆடவைப்பது. நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் சிறுவர் றக்பியை வயதோடு நிறையையும் பார்த்துப் பிரிவு பிரிவாக நடத்துகின்றனர். இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகங்கள் 2015 முதல், பிள்ளையின் எதிர்கால உயரத்தைக் கணித்து, அதில் எத்தனை வீதத்தை எட்டியுள்ளான் என்று பார்த்து, ஒத்த வளர்ச்சியுடையோரை எதிரெதிரே ஆடவைத்துப் பார்த்தன. அவ்வாட்டங்களில், விரைவில் வளர்ந்தவர் வலிமையை மட்டும் நம்ப இயலாமல் நுட்பத்தைக் கற்றனர். தாமதித்து வளர்வோர் முதன்முறையாகத் தலைமையேற்று ஆடினர். பெரியவனுக்கும் சின்னவனுக்கும் ஒருங்கே நன்மை. 1996இல் எனக்கு இது தெரிந்திருந்தால்!

“அளவு பெரிதாயில்லாமல் உலகத்தரத்தை எட்ட முடியுமா?” என்று வேறு சிலர் கேட்பர். நியூசிலாந்தின் ஜோனா லோமு 1994இல் பத்தொன்பது வயதிலேயே தேசிய அணியில் நுழைந்த மாமலை என்பது உண்மை. ஆனால் வேல்ஸ் நாட்டின் ஷேன் வில்லியம்ஸ் ஏறக்குறைய ஐந்தடி ஏழு அங்குல உயரமே உடையவர். 2008இல் உலகின் சிறந்த வீரர் என்ற விருது அவருக்கே கிடைத்தது. அவரளவு உயரமே உடைய தென்னாபிரிக்கர் செஸ்லின் கொல்பி, 2019 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இங்கிலாந்தின் காவலரை ஏய்த்து ஓடி ட்ரை வைத்ததை உலகமே பார்த்தது. சின்னவர் எல்லோரும் வில்லியம்ஸ் ஆவர் என்று நான் சொல்லவில்லை. பதின்மூன்று வயதில் எவர் ஆவார் என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எண்ணிக் கதவை மூடாதிருப்போம் என்பதே என் வேண்டுகோள்.

மூன்றாவது மறுப்பு வலிமையானது. “பயிற்றுநர் இவ்வாண்டுப் போட்டியில் வெல்ல வேண்டும். ஐந்தாண்டுக்குப் பிறகு மலரும் பிள்ளைக்காக அவர் இன்று தோற்பாரா?” நியாயமான கேள்வி. பழைய மாணவரும் பெற்றோரும் நிருவாகமும் பதினான்கு வயதுப் பிள்ளைகளின் கேடயத்தைக் கொண்டு பயிற்றுநரை மதிப்பிடும்வரை, அவர் பெரிய உடலையே தேடுவார். குற்றம் அவருடையது மட்டுமன்று, கைதட்டும் நம்முடையதுமாகும். சிறுவர் ஆட்டத்தில் எத்தனை வெற்றி என்று கேட்பதை விடுத்து, பதின்மூன்றில் சேர்ந்தோரில் எத்தனை பேர் பதினெட்டிலும் ஆடிக்கொண்டிருக்கின்றனர் என்று கேட்கத் தொடங்கினால், பயிற்றுநரின் பார்வையும் மாறும்.

செய்ய வேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. முதலாவது, ஒவ்வொரு பாடசாலையிலும் சுவரில் ஓர் அளவுகோலும் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும். ஆண்டுக்கு மூன்று முறை, தவணைக்கு ஒருமுறை, நின்ற உயரம், அமர்ந்த உயரம், நிறை ஆகிய மூன்றையும் குறிப்போம். கால் முன்னரும் உடம்பு பின்னரும் நீள்வதால், இவ்வளவுகளைக் கொண்டே ஒரு பிள்ளை தன் பாய்ச்சலுக்கு முன் நிற்கிறானா, பின் நிற்கிறானா என்று ஓரளவு கணிக்கும் சூத்திரத்தை 2002இல் மிர்வால்டும் துணைவரும் வகுத்துத் தந்துள்ளனர். அது பிழையற்ற சோதிடமன்று; ஆனால் வெறுங்கண்ணை விட மேல். எங்களுக்குச் சில மைல் அப்பால் பேராதனைப் பல்கலைக்கழகமும் மருத்துவ பீடமும் இருக்கின்றன. அங்குள்ள மாணவர் விடுமுறையில் ஒரு நாள் வந்தால் எங்கள் ஆசிரியர்களுக்கு இதைப் பழக்கிவிட முடியும்.

இரண்டாவது, தெரிவுப் பட்டியலில் பெயருக்கு அருகே பிறந்த மாதத்தையும் எழுதுவோம். ஐந்து பெயரும் ஆண்டின் முதற்காலாண்டில் பிறந்தவையாயின், நம் கண் நம்மை ஏமாற்றுகின்றது என்று அறிவோம். மூன்றாவது, திடீரென வளரும் காலத்தில் பிள்ளை தடுமாறுவான். முழங்காலில் வலி என்பான். அவனைச் சோம்பேறி என்று ஏசாமல், ஓட்டத்தையும் மோதலையும் குறைத்து, கைவேலையையும் பந்துப் பரிமாற்றத்தையும் பழக்குவோம். நான்காவதும் முக்கியமானதும் இது: பதினாறு வயதில் இரண்டாவது கதவு ஒன்று திறக்கட்டும். பதின்மூன்றில் விலக்கப்பட்டோரைப் புகழ்பெற்ற கல்லூரிகள் மீண்டும் ஒருமுறை அழைத்துப் பார்க்கட்டும். ஒரு முறை மட்டுமே திறக்கும் கதவு, தாமதித்து வருவோர்க்குச் சுவரேயாகும்.

சென்ற மாதம் கெலிஓயாச் சந்தியில் நான் ஏறிய முச்சக்கரவண்டியை ஓட்டி வந்தவன் அந்தச் சின்னவன். இப்போது நாற்பதைக் கடந்த ஆறடி மனிதன். என்னிடம் அவனுக்கு எந்தக் கோபமும் இல்லை. அதுவே எனக்குப் பாரமாக இருந்தது. வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, காசு வாங்க மறுத்தவன், சிறிது தயங்கி நின்றான்.

“சேர், என்ட மகனுக்குப் பன்னிரண்டு வயசு. வயல்ல நல்லா ஓடுறான். ஆனா கூட்டத்திலேயே குட்டை அவன்தான். அடுத்த வருசம் தெரிவு வருது. ஏலுமா சேர் அவனுக்கு?”

நான் அவனுக்கு உறுதி எதுவும் கூறவில்லை. ஒரு முறை எனக்குத் தெரியும் என்று எண்ணித் தீர்ப்புக் கூறியவன் நான். “பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, அளந்து குறித்து வைப்போம். வருகிற ஆண்டு இல்லையென்றாலும் ஆட்டத்தை விட்டுவிட வேண்டாம் என்று சொல்” என்றேன். மறுநாளே அழைத்து வந்தான். என் வீட்டுக் கதவு நிலையில் முதற்கோடு இழுத்திருக்கின்றோம்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பாடசாலைகளிலும் அப்படி ஒரு கோடு இழுங்கள். அடுத்த தவணையில் அதன் மேல் இன்னொன்று. கோடுகள் ஏறி முடியும் வரையில் தீர்ப்பை ஒத்திவையுங்கள்.